எட்னாவின் நூறு வயதுக் கொடிகள் ஏன் இன்னும் நிற்கின்றன?

ஒயின் புட்டியின் லேபிளில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தால் விலை சட்டென்று ஏறிவிடும்: ஒரே தோட்டத்துத் திராட்சை, வயதான கொடிகள், கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரம். இவை விற்பனைக்காகச் சொல்லப்படும் வார்த்தைகள்தானா, இல்லை குடிக்கிறவர் நாக்கில் தெரிகிற வித்தியாசம் ஏதாவது இவற்றால் உண்டாகிறதா? பொதுவாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது, இடத்துக்கு இடம் மாறும். மூன்றும் ஒரே மலையில் கூடிவருகிற இடத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். அப்படியொரு மலை, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் எட்னா எரிமலை.

எட்னாவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்தது. அங்கே நூறு வயதுக் கொடிகள் இன்றும் காய்ப்பதற்கு முதல் காரணம் மணல், அடுத்தது வறுமை. கடைசியில் அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது, தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் பெயர் போட்டு விற்கும் வழக்கம். லேபிளில் உள்ள அந்தப் பெயரை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பெயருக்குக் கிடைக்கிற பணத்தில்தான் அந்தக் கொடிகளுக்கு மண்வெட்டி போடப்படுகிறது.

எட்னா 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும், இன்னமும் அடிக்கடி சீறுகிற எரிமலை. வெடிப்புகளால் உச்சியின் உயரமே அவ்வப்போது மாறும். திராட்சைத் தோட்டங்கள் மலையை முழுவட்டமாகச் சுற்றவில்லை. வடக்கில் தொடங்கி, கிழக்கு வழியாக வளைந்து, தென்மேற்கு வரை போகின்றன. மேற்கே புரொந்தே ஊர்ப்பக்கம் பிஸ்தா சாகுபடிக்குப் பேர் போனது. கிழக்குச் சரிவு கடலைப் பார்த்திருப்பதால் அங்கே மழை அதிகம். மிலோ ஊரைச் சுற்றி வெள்ளை ஒயினுக்கான கரிக்காந்தே என்ற ரகம் நன்றாக வருகிறது. சிவப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது வடக்குச் சரிவு. அல்காந்தரா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே ராந்தாட்சோ, பாஸோபிஷாரோ, சொலிக்கியாத்தா, லிங்குவாக்லோசா என்று வரிசையாக ஊர்கள். அவற்றைச் சுற்றி ஏறக்குறைய 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை படிப்படியாகத் தோட்டங்கள்.

உயரம் என்ன செய்கிறது? நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். 900 மீட்டரில் இருக்கும் தோட்டம் கடற்கரையைவிட ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்ச்சியாக இருக்கும். சிசிலியின் தாழ்வான பகுதிகளில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிடும். எட்னாவின் மேல்சரிவில் சிவப்புத் திராட்சையைப் பறிக்க அக்டோபர் ஆகும், சில ஆண்டுகளில் அக்டோபர் கடைசிகூட. பழத்தில் சர்க்கரை சேர்வதற்கு வெயில் வேண்டும். பழத்தின் புளிப்போ வெதுவெதுப்பான இரவுகளில் வேகமாகக் கரைந்துபோகும், ஏனென்றால் பழம் சுவாசிக்கும்போது மாலிக் அமிலத்தைத்தான் எரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் கிடைக்கும் இடத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், புளிப்பும் பெருமளவு தங்கிவிடும். பருவம் நீள்வதால் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு பக்குவப்படவும் அவகாசம் கிடைக்கிறது. மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் ஒன்று நல்ல போதை அளவோடும் அதே சமயம் வாயில் சுறுசுறுப்பான புளிப்போடும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உயரத்தைத் தனியாக வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஜெர்மனியில் 1,000 மீட்டரில் திராட்சை நட்டால் பழுக்கவே பழுக்காது. எட்னா தெற்கே, வெயில் காயும் தீவில் இருப்பதால்தான் உயரம் அங்கே வரமாகிறது. அர்ஜென்டினாவின் ஊக்கோ பள்ளத்தாக்கிலும் ஸ்பெயினின் கிரேதோஸ் மலைகளிலும் இதே கணக்குத்தான்.

இனி ரகத்துக்கு வருவோம். எட்னா சிவப்பு ஒயினின் அடிப்படை நெரெல்லோ மஸ்கலேசே. சட்டப்படி குறைந்தது 80 விழுக்காடு இந்த ரகம் இருக்க வேண்டும். மீதியில் பெரும்பாலும் அதன் துணையான நெரெல்லோ கப்புச்சோ இருக்கும். இத்தாலியின் தொஸ்கானா பகுதியில் புகழ்பெற்ற சாஞ்சியோவேசே ரகமும் மாந்தோனிகோ பியாங்கோ என்ற வெள்ளை ரகமும் தாமாகக் கலந்து பிறந்ததுதான் நெரெல்லோ மஸ்கலேசே என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாமதமாகப் பழுக்கும். நிறம் வெளிறியது, கண்ணாடிக் கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து மென்மையான ஒயின் என்று நினைத்துக் குடித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இந்த வெளிறிய தன்மை முக்கியம் என்பது என் எண்ணம். கருஞ்சிவப்பாக, கனமாக, பழச்சுவை மேலோங்கி நிற்கிற ரகமாக இருந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் உள்ள சிறு வித்தியாசங்கள் அதில் மூழ்கிப்போகும். நெரெல்லோவில் மறைவதற்கு இடமில்லை.

சரி, பழைய கொடிகளுக்கு வருவோம். இதைச் சொல்ல 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற நுண்ணிய பூச்சி தெற்கு பிரான்சில் தோன்றி, ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தாக்கி, தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. அந்தப் பூச்சியோடு கூடவே வளர்ந்து பழகிய அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் கிடைத்த வழி. இன்று உலகில் விளையும் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இப்படி ஒட்டுக்கட்டியதுதான்.

பிரான்ஸ் தவித்துக்கொண்டிருந்தபோது எட்னாவுக்கு யோகம் அடித்தது. பிரெஞ்சு வியாபாரிகள் ஒயின் தேடித் தெற்கே வந்தார்கள். எட்னா இருக்கும் கத்தானியா மாகாணத்தில் திராட்சைச் சாகுபடி பெருகியது. மலையின் கிழக்கே கடலோரம் இருக்கும் ரிபோஸ்தோ துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக ஒயின் கப்பலேறியது. மலையைச் சுற்றி ஓடும் சிர்க்கும்எத்னேயா ரயில் பாதை 1890களில் போடப்பட்டதற்கும் இந்த வியாபாரம் ஒரு காரணம். ஆனால் யோகம் நீடிக்கவில்லை. 1880இல் ஃபிலாக்செரா சிசிலிக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் சுங்கவரிப் போர் மூண்டு பிரெஞ்சுச் சந்தை மூடிக்கொண்டது. அப்புறம் பஞ்சம் பிழைக்க மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

எட்னாவிலும் பூச்சி பெரும் நாசம் செய்தது. அங்கே ஃபிலாக்செராவே வரவில்லை என்று சிலர் எழுதுவது சரியல்ல. இன்று எண்பது, நூறு வயது என்று சொல்லப்படும் எட்னாக் கொடிகளில் பல, பூச்சி வந்துபோன பிறகு ஒட்டுக்கட்டி நட்டவை. ஆனால் களிமண் குறைவான, எரிமலைச் சாம்பலும் கரிய மணலும் நிறைந்த சில இடங்களில் பூச்சியால் பரவ முடியவில்லை. களிமண் காய்ந்தால் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே பூச்சி வேருக்கு வேர் நகரும். மணலில் வெடிப்பு விழாது, உதிர்ந்து மூடிக்கொள்ளும். அப்படித் தப்பிய துண்டு நிலங்களில் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ராந்தாட்சோவுக்குக் கிழக்கே கல்தெராரா சோத்தானாவில் உள்ள ஒரு சிறு துண்டு இதற்கு நல்ல உதாரணம். தெனூத்தா தெல்லே தெர்ரே நேரே நிறுவனம் அதன் பழத்தைத் தனியாகப் பிழிந்து ‘தோன் பெப்பீனோவின் தோட்டம்’ என்ற பெயரில் தனிப் புட்டியில் விற்கிறது. நிலம் முழுக்கக் கருங்கல் துண்டுகள். மண்ணைவிடக் கல் அதிகம் என்று தோன்றும்.

மணல் காப்பாற்றியது சில துண்டுகளைத்தான். ஒட்டுக்கட்டிய பழைய கொடிகளும் தப்பியதற்கு வறுமைதான் காரணம். 20ஆம் நூற்றாண்டில் மற்ற ஊர்களில் பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு, டிராக்டர் ஓடும்படி இடைவெளி விட்டு, கம்பி கட்டிப் புதுக் கொடி நட்டார்கள். விளைச்சல் கூடியது, கூலி குறைந்தது. எட்னாவின் மேல்சரிவில் அதைச் செய்ய முதலும் இல்லை, வழியும் இல்லை. எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய குறுகிய படிநிலங்களில் டிராக்டர் ஏறாது. 1980களின் கடைசியில் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பே கொடிகளைப் பிடுங்கினால் பணம் தருகிறேன் என்று திட்டம் போட்ட காலமும் இருந்தது. பல தோட்டங்கள் போயின, பல படிநிலங்கள் புதர் மண்டிக் கைவிடப்பட்டன. வயதானவர்கள் தங்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதுமான ஒயினுக்காக வைத்திருந்த துண்டுகள் மட்டும் பிழைத்தன.

அந்தச் சிறு விவசாயிகளுக்கு இன்னோர் அடியும் விழுந்தது. எட்னாவில் தோட்டத்துக்குத் தோட்டம் பல்மெந்தோ என்று ஒரு கட்டடம் இருக்கும். மேல்தளத்தில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். சாறு தானாகக் கீழே உள்ள கல் தொட்டிக்கு இறங்கும், அங்கிருந்து பீப்பாய்க்குப் போகும். பம்ப் தேவையில்லை, புவியீர்ப்பே எல்லா வேலையையும் செய்துவிடும். 1990களில் ஐரோப்பியச் சுகாதார விதிகள் இப்படிச் செய்த ஒயினை விற்கக் கூடாது என்று தடுத்தன. நவீன ஆலை கட்ட வசதியில்லாதவர்களுக்குப் பழத்தைக் கிலோ கணக்கில் விற்பது தவிர வேறு வழியில்லாமல் போனது. கிலோ கணக்கில் விற்றால் நூறு வயதுக் கொடிக்கும் பத்து வயதுக் கொடிக்கும் ஒரே விலைதான். பழைய கொடியோ குறைவாகத்தான் காய்க்கும். கணக்குப் பார்க்கிற எவரும் அதை விட்டுவிடுவார்கள்.

இந்தக் கொடிகளைப் பராமரிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கிற பந்தல் இங்கே இல்லை. அல்பெரெல்லோ முறையில் ஒவ்வொரு கொடியும் ஒரு சிறு செடிபோலத் தனியாக, செஸ்ட்நட் மரக்கழி ஒன்றில் கட்டி நிற்கும். நெருக்கமாக நடுவார்கள், ஒரு ஹெக்டேரில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் கொடிகள் வரை இருக்கும். கவாத்து, கட்டுவது, களை கொத்துவது, பறிப்பது எல்லாமே கையால்தான். பெரிய வேலைக்குக் கோவேறு கழுதை. தனித்தனியாக நிற்பதால் ஒவ்வொரு கொடிக்கும் எல்லாப் பக்கமும் வெயிலும் காற்றும் கிடைக்கிறது, பூஞ்சை நோய் குறைகிறது. நல்ல முறைதான், ஆனால் கூலி கட்டுபடியாகாத முறை.

ஆக, புட்டியின் விலை உயர்ந்தால் மட்டுமே இந்தக் கொடிகள் பிழைக்கும் என்ற நிலை. அதை முதலில் செய்து காட்டியவர் ஜுசெப்பே பெனாந்தி. 1988இல் சால்வோ ஃபோத்தி என்ற உள்ளூர் ஒயின் நிபுணரைச் சேர்த்துக்கொண்டு, வடக்குச் சரிவுக்கு ஒன்று, தென்கிழக்குச் சரிவுக்கு ஒன்று என்று இடத்தின் பெயரிலேயே ஒயின் செய்தார். ஃபோத்தி பிற்பாடு ‘இ விஞேரி’ என்ற பெயரில், கைவேலை தெரிந்த திராட்சைத் தொழிலாளர்களின் குழுவை உருவாக்கினார். 1435இல் கத்தானியாவில் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தின் பெயர் அது. என் பார்வையில் எட்னாவுக்கு ஃபோத்தி செய்த மிகப் பெரிய காரியம் இந்தக் குழுதான். ஒயின் செய்யத் தெரிந்தவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். அல்பெரெல்லோ கொடிக்குக் கவாத்து செய்யத் தெரிந்தவர்கள் அந்த மலையில்தான் உருவாக முடியும்.

2000 வாக்கில் வெளியாட்கள் வந்தார்கள். தொஸ்கானாவில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஆந்திரேயா ஃபிரங்கெத்தி, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கொர்னெலிசன், ஒயின் வியாபாரியான மார்க்கோ தெ கிராசியா. மூவரின் முறைகளும் வேறு வேறு. ஆனால் மூவருமே பழைய கொடிகள் நின்ற மேல்சரிவைத் தேடிப் போனார்கள், ஒவ்வொரு துண்டின் பழத்தையும் தனியாக வைத்தார்கள்.

எட்னாவில் ஊர்ப்புறம் கொந்த்ராதா என்ற சிறு பிரிவுகளாகப் பெயர் பெற்றிருக்கிறது. நம்மூரில் ஒவ்வொரு வயல்பகுதிக்கும் ஒரு பெயர் இருக்குமே, ஏறக்குறைய அப்படி. ஃபிரங்கெத்தியின் பாஸோபிஷாரோ நிறுவனம் 2008 முதல் வெளியிட்ட கொந்த்ராதா ஒயின்கள், இந்தப் பிரிவுகளுக்கு உண்மையிலேயே சுவையில் அர்த்தம் உண்டா என்று பார்ப்பதற்கு மிக நல்ல சோதனை. கியாப்பேமாசினே சுமார் 550 மீட்டர், போர்க்காரியா 650, குவார்தியோலா 800க்கு மேல், ஷாராநுவோவா 850, ராம்பாந்தே 1,000. எல்லாமே நெரெல்லோ மஸ்கலேசே, எல்லாமே வயதான கொடிகள், ஆலையும் அதே, முறையும் அதே. கீழேயுள்ள கியாப்பேமாசினேயில் பழச்சுவை கனிந்து, உருண்டையாக வரும். மேலே போகப் போக வாயில் உணரும் ஒயினின் கனம் குறையும், புளிப்பு கூர்மையாகும், பூ மணமும் மூலிகை மணமும் எழும். ஆலையில் செய்த கைவித்தை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஃபிரங்கெத்தி 2021இல் காலமானார். அவர் தொடங்கிய ‘கொந்த்ராதே தெல்லெத்னா’ என்ற வருடாந்திர ஒயின் சந்தைதான் இந்தச் சொல்லை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. 2011இல் எட்னாவின் ஒயின் சட்டம் திருத்தப்பட்டு 133 கொந்த்ராதாக்களின் பெயரை லேபிளில் போட அனுமதி கிடைத்தது.

மண்ணைப் பற்றி நிறைய மிகைப்பேச்சு உண்டு. எரிமலைக் கல்லின் சுவையே ஒயினில் இறங்குகிறது என்பார்கள். கொடி கல்லை உறிஞ்சுவதில்லை. நீரில் கரைந்த அயனிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது, அவற்றின் அளவும் நாக்கில் கல் சுவை தருமளவுக்கு இல்லை. மண் வேலை செய்வது வேறு விதமாக: தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது, எவ்வளவு ஆழத்தில் ஈரம் தங்குகிறது, கரிய கல் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இவை எட்னாவில் அடுத்தடுத்த நிலங்களிலேயே மாறும், ஏனென்றால் ஒவ்வொரு எரிமலைக் குழம்பு ஓட்டத்துக்கும் வயது வேறு. வடக்குச் சரிவில் 1614 முதல் 1624 வரை பத்தாண்டுகள் விடாமல் வழிந்த குழம்பு ஒன்று உண்டு. 1981 மார்ச்சில் ராந்தாட்சோவை ஒட்டி இறங்கிய குழம்பு சாலையையும் ரயில் பாதையையும் அறுத்து, தோட்டங்களை மூடி, அல்காந்தரா ஆறு வரை வந்து நின்றது. மேலே பாசி படர்ந்து, பிறகு மஞ்சள் பூப்பூக்கும் ஜினெஸ்திரா புதர் வேர்விட்டு, அந்தக் கல்லை மெல்ல உடைத்து மண்ணாக்கப் பல நூறாண்டுகள் ஆகும். அதுவரை அங்கே எதையும் நட முடியாது.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, கொந்த்ராதா என்றால் ஒற்றைத் தோட்டம் என்று பொருளல்ல. ஒரே கொந்த்ராதாவில் பலருக்கு நிலம் இருக்கும், மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயரம் கணிசமாக வேறுபடும், புதுக்கொடியும் பழங்கொடியும் கலந்திருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு நிறுவனங்களின் புட்டிகள் ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தது, 1968இல் வகுத்த எட்னா டி.ஓ.சி. எல்லைக்கு, அதாவது எட்னா என்ற பெயரில் ஒயின் விற்கச் சட்டம் வகுத்த பகுதிக்கு, உயர வரம்பு உண்டு. வடக்கில் அது சுமார் 800 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதனால் 1,000 மீட்டரில் விளையும் ராம்பாந்தே போன்ற ஒயினில் ‘எட்னா ரோஸ்ஸோ’ (எட்னா சிவப்பு) என்று எழுத முடியாது. ‘தெர்ரே சிசிலியானே’ என்ற, கேட்க எளிமையான வகைப்பெயரில்தான் விற்க வேண்டும். மலையின் மிகச் சிறந்த சில ஒயின்கள் இந்தப் பெயரில்தான் வருகின்றன. வெயில் ஏறிக்கொண்டே போகிற காலத்தில் இந்த எல்லை பொருந்தாது என்றே நினைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 11 அன்று எட்னாவுக்குத் தெற்கே சிரக்கூசா அருகில் 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவின் உச்ச வெப்பமாக அதை உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயரத்தின் மதிப்பு இனி கூடத்தான் செய்யும்.

கொடியின் வயதும் கேள்விக்கு உட்பட்டதுதான். ஆழமாக வேர்விட்ட, தடித்த தண்டில் சத்தைச் சேமித்து வைத்திருக்கும் கிழட்டுக் கொடி வறட்சியையும் வெயிலையும் இளங்கொடியைவிட நிதானமாகத் தாங்குகிறது என்பது விவசாயிகளின் பொதுவான அனுபவம். ஆனால் வயதால் மட்டுமே ஒயின் சிறப்பாகிறது என்று முடிவுகட்டுவது அவசரம். மோசமான இடத்தில் நட்ட கொடிகளை மக்கள் எப்போதோ பிடுங்கியிருப்பார்கள், நல்ல இடத்துக் கொடிகள்தான் மிச்சமிருக்கும். நாம் ருசிப்பதில் எவ்வளவு வயதின் பங்கு, எவ்வளவு இடத்தின் பங்கு என்று பிரிப்பது கடினம். சர்வதேச ஒயின் அமைப்பு 2024இல்தான் 35 வயதைப் பழைய கொடிக்கான அளவாக வகுத்தது. தோட்டம் முழுவதையும் பழையது என்று சொல்ல 85 விழுக்காடு கொடிகளாவது அந்த வயதைத் தாண்டியிருக்க வேண்டும். எட்னாவில் 35 வயது என்றால் இளங்கொடி. ஆஸ்திரேலியாவின் பரோஸா பகுதி 2009இலேயே 35, 70, 100, 125 என்று நான்கு படிகள் வகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்துவிட்டது. எட்னாவுக்கும் அப்படி ஒரு படிநிலை இருந்தால் நல்லது. ‘பழைய கொடி’ என்று சும்மா எழுதிவிட்டுப் போகிறவர்களையும் உண்மையிலேயே நூறாண்டுக் கொடி வைத்திருப்பவர்களையும் பிரித்துக் காட்ட அது உதவும்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொந்த வேரில் நிற்கும் தோட்டத்தில் ஒரு கொடி செத்தால், பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைப்பார்கள். அது வேர்விட்டதும் தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடுவார்கள். பெயரில் 140 ஆண்டுத் தோட்டம் என்றாலும் உள்ளே பல தலைமுறைக் கொடிகள் இருக்கும், எல்லாமே பழைய கொடிகளின் நேர் வாரிசுகள். ஒட்டுக்கட்டிய தோட்டத்தில் இப்படிச் செய்ய முடியாது, புதைத்த கிளையில் வருவது ஐரோப்பிய வேர் என்பதால் பூச்சிக்கு இரையாகிவிடும். அங்கே நர்சரிக் கன்று வாங்கலாம், அல்லது பழைய கொடிகளிலேயே நல்லவற்றைப் பார்த்துக் குச்சி வெட்டி ஒட்டுக்கட்டலாம். நர்சரியில் கிடைப்பது பெரும்பாலும் தேர்ந்தெடுத்த சில வகைகளின் நகல்கள். பழைய தோட்டத்தில் நெரெல்லோவிலேயே பல வகைகள், இடையிடையே வெள்ளைத் திராட்சைகள், பெயரே தெரியாத கொடிகள் எல்லாம் கலந்திருக்கும். ஒரு தோட்டம் அழிந்தால் அந்தக் கலவையும் சேர்ந்து போகும், எந்த நர்சரியிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. எட்னா ஒயினுக்கு இன்று கிடைக்கிற நல்ல விலையில் ஒரு பங்கு இந்தக் குச்சி வெட்டும் வேலைக்குப் போகிறதா, இல்லை கீழ்ச்சரிவில் கம்பி கட்டிப் புதுத்தோட்டம் போடவே போகிறதா என்பதைத்தான் ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்க வேண்டும்.